ஆகஸ்ட் வரை வாய் திறக்காத மீட்டர்

பெஞ்சுக்குப் பின்னால் விழுந்த கேபிளை எடுக்கக் குனிந்த, பயிற்சிக்கு வந்திருந்த பெண், எழுந்திருக்காமல் அங்கிருந்தே கேட்டார். "சார், இந்த மீட்டர் பின்னாடி ஸ்டிக்கர்ல அடுத்த கேலிப்ரேஷன் மார்ச் 8னு போட்டிருக்கே. வேற ஸ்டிக்கர் எங்கயாவது இருக்கா?"

அன்று ஜூன் 11.

வேறு ஸ்டிக்கர் இல்லை. வோல்டேஜ் அளக்கும் மீட்டர் அது. கேலிப்ரேஷன் என்பது, லேபில் தெரிந்த ஒரு அளவோடு ஒப்பிட்டு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சரிசெய்வது; இந்த மீட்டருக்கு வருடம் ஒரு முறை. முன்பக்கத்தில் ஒட்ட இடமில்லை என்று பின்பக்கம் ஒட்டியதே நான்தான். ஆனாலும் அந்த நொடியில் எனக்குப் பதற்றம் வரவில்லை. "அதுக்குள்ளயே ரிமைண்டர் போட்டு வெச்சிருக்கேம்மா. நாள் வந்தா ஆன் பண்ணும்போதே சொல்லும்" என்றேன். "சொல்லலையே சார்" என்றார். சொல்லவில்லைதான்.

சிஸ்டம் மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். அடுத்த கேலிப்ரேஷன் என்ற வரியில் 08/03 என்று இருந்தது. பார்த்ததும் ஒரு நிம்மதி, சரியாகத்தானே போட்டிருக்கிறோம் என்று. அப்புறம்தான் அதே திரையின் மேல் மூலையில் ஓடிக்கொண்டிருந்த இன்றைய தேதி கண்ணில் பட்டது. 06/11. மாதம் முதலில், நாள் பின்னால். நான் மார்ச் 8 என்று நினைத்துத் தட்டியதை அந்த மீட்டர் ஆகஸ்ட் 3 என்று எடுத்துக்கொண்டு, 15 மாதமாக நிதானமாகக் காத்திருந்தது. அந்தப் பெண் குனியாமல் போயிருந்தால் ஆகஸ்ட் வரை அது வாய் திறந்திருக்காது.

கேலிப்ரேஷன் நடந்தது 12-ஆம் தேதிக்குப் பிறகு என்றால் இந்தத் தவறு நடந்தே இருக்காது. 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் கருவியே ஏற்க மறுத்திருக்கும். மாதத்தின் முதல் 12 நாட்கள்தான் ஆபத்து. நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் தேதிகளைக் கழித்துவிட்டால், ஒரு வருடத்தில் 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இது தெரிந்த பிறகு நான் செய்யும் முதல் காரியம், மெனுவில் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசை இருந்தால் அதற்கு மாற்றிவிடுவது. அந்த வரிசையை இரண்டு விதமாகப் படிக்க யாருக்கும் தோன்றாது. அந்த வசதி இல்லாத கருவியில், கெடு தேதியை முதலில் நேற்றைய தேதியாக வைத்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து, எச்சரிக்கை உண்மையிலேயே வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, பிறகுதான் சரியான தேதியைப் போடுகிறேன். கடிகாரத்தை முன்னால் தள்ளிச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். திருப்பி வைக்க மறந்தால் அதற்குப் பிறகு சேமிக்கும் ஒவ்வொரு அளவிலும் தப்பான தேதி ஏறிவிடும். கெடு தேதியை நகர்த்துவதுதான் பாதுகாப்பு.

தேதிக் குழப்பம் ஐந்து நிமிட வேலை. அதன் வால்தான் நீளம்.

மீட்டரை அன்றே பெஞ்சிலிருந்து இறக்கி, சிவப்பு அட்டை கட்டி, லேபுக்கு அனுப்பினோம். அனுப்பும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டுக்கொண்டேன்: எதையும் சரிசெய்வதற்கு முன்னால், வந்த நிலையில் என்ன காட்டுகிறது என்ற அளவுகளைத் தர வேண்டும். இதைக் கேட்காவிட்டால் சில இடங்களில் சரிசெய்த பிறகு எடுத்த அழகான எண்கள் மட்டுமே வரும். மீட்டர் இத்தனை நாள் பொய் சொன்னதா, சொன்னால் எவ்வளவு என்ற ஒரே சாட்சியம் அதோடு அழிந்துபோகும்.

சான்றிதழ் வந்தது. 10 வோல்ட் கொடுத்தபோது மீட்டர் காட்டியது 10.00052. அரை மில்லிவோல்ட் சொச்சம் கூடுதல்.

இது பெரிதா, சின்னதா? இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மீட்டரின் துல்லியம் என்று கையேட்டில் இருக்கும் எண், காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நன்கு பரிச்சயமான ஹெச்பி 34401ஏ மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 10 வோல்ட் வரை அளக்கும் ரேஞ்சுக்கு மூன்று கணக்குகள் உண்டு. கேலிப்ரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் அளவின் 0.0015 சதவீதம், 90 நாளுக்குள் 0.0020, ஓராண்டுக்குள் 0.0035. இவற்றோடு ரேஞ்சின் ஒரு சிறு பங்கைக் கூட்டினால் 10 வோல்ட்டில் முறையே 190, 250, 400 மைக்ரோவோல்ட் வருகிறது (ஆயிரம் மைக்ரோவோல்ட் ஒரு மில்லிவோல்ட்). 366-ஆவது நாளுக்கு அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது. மீட்டர் அன்று காலை கெட்டுப்போய்விடுவதில்லை. ஆனால் அது எவ்வளவு விலகலாம் என்பதற்கு அதைச் செய்தவர்கள் கொடுத்த வாக்கு அங்கே முடிகிறது. எங்கள் மீட்டரும் அதே ரகம்தான். 400 வரை போகலாம் என்றிருந்தது 520 போயிருந்தது.

எங்கள் பெஞ்சில் அந்த மீட்டர் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்று, 5 வோல்ட் பவர் சப்ளைகளைச் சரிபார்ப்பது. அதன் டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) ஒரு சதவீதம், அதாவது 50 மில்லிவோல்ட். அரை மில்லிவோல்ட் பிசகு அங்கே தூசி. இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க மாறாத 10 வோல்ட், அதாவது ரெஃபரன்ஸ், தரும் ஒரு சின்ன மாட்யூல். அதற்கு மேலும் கீழும் ஒரு மில்லிவோல்ட்தான் அனுமதி. அங்கேதான் இடி.

மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. அப்படியானால் அதில் 9.9992 என்று தெரிந்து பாஸ் ஆன மாட்யூலின் உண்மை அளவு 9.99868. எல்லை 9.9990. அது ஃபெயில். கணக்குப் போட்டால், திரையில் 9.99900-க்கும் 9.99952-க்கும் நடுவே காட்டிய மாட்யூல்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மேல் எல்லைப் பக்கம் பாஸ் ஆனவை தப்பித்தன. அந்தப் பக்கம் நாங்கள் நல்லவற்றைத்தான் சிலவற்றை ஃபெயில் செய்திருப்போம்.

எத்தனை நாள் பின்னால் போய்ப் பார்ப்பது? கெடு முடிந்த மார்ச் 8-லிருந்து பார்த்தால் போதும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மீட்டர் எப்போது விலகியது என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக அது சரியாக இருந்தது என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த நாள் போன வருட கேலிப்ரேஷன் நாள்தான். அதன் மறுநாளே விலகியிருக்கலாம். ஆகவே தேட வேண்டியது கெடு தாண்டிய 95 நாட்களை அல்ல, முழு 15 மாதத்தை. நேரத்துக்கு அனுப்பியிருந்தால் 12 மாதத்தோடு போயிருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது, அந்த மாட்யூலுக்கு மட்டும் சீரியல் எண்ணோடு முழு அளவையும் எழுதி வைக்கும் பழக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளில் சந்தேக வட்டத்துக்குள் வந்தவை 31. அந்த 31-ஐ வாங்கியவர்களுக்கு மட்டும் எழுதினோம். வெறும் பாஸ், ஃபெயில் என்று டிக் அடித்து வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் எழுதியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நானும் அந்தப் பெண்ணும் பதிவேட்டை வரிவரியாகப் படித்தோம். ஒருவர் படிக்க ஒருவர் குறிக்க. 9.9994-க்குப் பக்கத்தில் வந்த ஒவ்வொரு எண்ணையும் அவர் இரண்டு முறை வாசித்துக் காட்டுவார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நான் ரிமைண்டர் என்ற விஷயத்தையே வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். தேதி சரியாகவே இருந்து, மார்ச் 8 அன்று காலை அந்தச் செய்தி திரையில் வந்திருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பார்த்தேன். அன்று முதல் ஷிஃப்டில் மீட்டரை ஆன் செய்தவர் ஓகே பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீட்டரை லேபுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை, மாற்று மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, முடிக்க வேண்டிய வேலை மட்டும் மலைபோல் குவிந்திருக்கும். நானே இன்னொரு கருவியில் அப்படி ஓகே அடித்திருக்கிறேன். கட்டைவிரல் தானாகப் போகிறது. என்ன எழுதியிருந்தது என்று ஒரு நிமிடம் கழித்துக் கேட்டால் தெரியாது.

கருவிக்குள் இருக்கும் ரிமைண்டர், கருவி முன்னால் நிற்பவரிடம் பேசுகிறது. அனுப்ப வேண்டியவர் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார். இந்த இடைவெளியைத் தாண்டாத எந்த ரிமைண்டரும் வெறும் அலங்காரம்.

அதனால் இப்போது ஒரே கருவிக்கு மூன்று இடத்தில் மூன்று வேறு தேதிகள் வைத்திருக்கிறோம். லேபில் இடம் பிடிப்பவருக்குக் கெடுவுக்கு 45 நாள் முன்னால் பொதுக் காலண்டரில் வரும். அது அவரது சொந்த மின்னஞ்சலுக்குப் போகாது, துறையின் பொது முகவரிக்குப் போகும். முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போனபோது, அவருடைய அத்தனை ரிமைண்டர்களும் அவருடைய மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்து அடக்கமாகிவிட்டன. எங்களுக்கு அது தெரியவே மாதங்கள் ஆனது. இரண்டாவது, கருவிக்குள் இருப்பது. அதைக் கெடுவுக்கு 15 நாள் முன்னால் வைக்கிறேன். அந்தச் செய்தி வந்தால் லேப் பதிவு நடக்கவில்லை என்று பொருள், யாரோ கோட்டை விட்டிருக்கிறார்கள். பவர் பட்டன் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: 'கேலிப்ரேஷன் செய்தி வந்தால் மூடுவதற்கு முன் பெஞ்ச் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து.' கையெழுத்து என்றதும் கட்டைவிரல் கொஞ்சம் தயங்குகிறது. மூன்றாவது, ஸ்டிக்கர்: முன்பக்கத்தில், டிஸ்ப்ளேக்குக் கீழே. லோகோ மறைந்தாலும் பரவாயில்லை. அதில் மாதத்தை எழுத்தால் எழுதுகிறோம்.

ஆட்டோமேட்டிக் டெஸ்ட் ரேக்குக்குள் இருக்கும் கருவிகளுக்கு இதுவும் உதவாது. கணினி கட்டளை அனுப்புகிறது, மீட்டர் பதில் சொல்கிறது, முன்பக்கத்தை வாரக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அங்கே நாங்கள் டெஸ்ட் புரோகிராமிலேயே கை வைத்தோம். 34401ஏ மாதிரியான மீட்டர்களில் கேலிப்ரேஷன் குறிப்பு என்று 40 எழுத்து வரை சேமிக்க ஒரு இடம் உண்டு. கடைசியாகச் செய்த தேதி, அடுத்த கெடு என்று அதில் எழுதி வைக்கலாம். எழுதுவதற்குக் கேலிப்ரேஷன் பூட்டைத் திறக்க வேண்டும், அதனால் அதை லேபிடமே ஒப்படைத்துவிடுவது நல்லது. படிப்பதற்குப் பூட்டு தடையில்லை. புரோகிராம் காலையில் தொடங்கும்போது அந்த வரியைப் படித்து, கெடு தாண்டியிருந்தால் டெஸ்டை ஆரம்பிக்கவே மறுக்கும். முதல் முறை அது மறுத்தபோது வந்த தொலைபேசி அழைப்புகளைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

அதே மீட்டரில் கேலிப்ரேஷன் எண்ணிக்கை என்று ஒரு கவுன்ட்டரும் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியைச் சரிசெய்யும்போதும் அது ஏறும், குறையாது. 32,767-ஐத் தொட்டால்தான் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். லேபிலிருந்து கருவி திரும்பியதும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் பார்க்கும்போது எண் மாறியிருந்தால், நடுவில் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதி ரிமைண்டரும் சொல்லாத சேதி இது.

கடிகாரத்தைப் பற்றி இன்னொரு கதை. ஒரு நீண்ட விடுமுறைக்குக் கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்து சில வாரம் கழித்து, ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) சேமித்த ஒரு திரையின் படத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. கடைசியில் கோப்புகளை வரிசைப்படுத்தியபோது எல்லாவற்றுக்கும் அடியில் 2000 ஜனவரி என்ற தேதியோடு கிடந்தது. உள்ளே இருந்த பட்டன் செல் தீர்ந்துபோய், மெயின் கரண்ட் இல்லாத நாட்களில் கடிகாரம் நின்று, ஆன் செய்ததும் பிறந்த தேதிக்குத் திரும்பியிருக்கிறது. கெடு தேதி மெமரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கருவியின் உலகத்தில் கெடு வர இன்னும் இருபது வருடத்துக்கும் மேல் பாக்கி.

செல்லை நாமே மாற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோதுதான், மூடியின் இணைப்பில் லேப் ஒட்டிய முத்திரை கண்ணில் பட்டது. அதைக் கிழித்தால் சான்றிதழ் போச்சு. இப்போது செல் மாற்றுவதையும் கேலிப்ரேஷன் ஆர்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறோம், கேலிப்ரேஷனுக்கு முன்னால் செய்யச் சொல்லி. பழைய கருவிகளில் இது இன்னும் நுட்பமான விஷயம். ஹெச்பி 3478ஏ போன்ற சில மீட்டர்களில் கேலிப்ரேஷன் எண்களே பேட்டரியை நம்பியிருக்கும் மெமரியில்தான் இருக்கின்றன. மாற்று மின்சாரம் கொடுக்காமல் அந்த செல்லைக் கழற்றினால், போவது கடிகாரம் மட்டுமல்ல; மீட்டருக்குத் தான் யாரென்பதே மறந்துவிடும்.

அந்த ஆசிலோஸ்கோப்பில் ஓடிய மணி நேரத்தை வைத்து எச்சரிக்கும் வசதியும் இருந்தது. அந்தக் கணக்கு செல் தீர்ந்தாலும் அழியவில்லை. இப்படிப்பட்ட கருவிகளில் 2000 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்ற சிபாரிசை அடிக்கடி பார்க்கலாம். எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம்: ஒரு ஷிஃப்டுக்கு 8 மணி, வருடத்துக்கு 250 வேலை நாள், பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஷிஃப்ட் ஓடினால் ஆறு மாதத்தில் தொட்டுவிடும். இரவில் அணைக்காமல் விட்டால் 83 நாளில். ரிமைண்டர் அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கிறது என்று ஒரு நண்பர் புலம்பினார். போய்ப் பார்த்தால் அவர் ஸ்கோப்பை மாதக்கணக்கில் அணைத்ததே இல்லை. ஆனால் பெஞ்ச் மல்டிமீட்டருக்கு மணிக் கணக்கு சரிவராது என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ், வேலை செய்தாலும் சும்மா கிடந்தாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு நாள்காட்டிதான்.

ஸ்கோப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. மெனுவில் 'கேலிப்ரேஷன்: பாஸ்' என்று வரும் சமாச்சாரம் பெரும்பாலும் கருவி தன்னைத்தானே சமன் செய்துகொள்வது. சூடேற 20 நிமிடம் விட்டு, புரோப்களை, அதாவது அளக்கும் வயர்களை, கழற்றி, அறை வெப்பம் 5 டிகிரிக்கு மேல் மாறினால் செய்யச் சொல்வார்களே, அது. தன் உள் ரெஃபரன்ஸோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறது. அந்த ரெஃபரன்ஸே விலகியிருந்தால் கருவிக்கு எப்படித் தெரியும்? தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது போல. எங்களில் ஒருவர் அதை ஓட்டிவிட்டு, கெடு தேதியையும் ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். இப்போது கெடு தேதியை மாற்றும் மெனுவுக்குக் கடவுச்சொல் இருக்கிறது, சான்றிதழ் கையில் இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

அந்தச் சான்றிதழில் அடுத்த கெடு தேதி இருக்காது. முதல் முறை நான் லேபுக்குப் போன் போட்டே சத்தம் போட்டேன், ஒரு வரி எழுத மறந்துவிட்டீர்களே என்று. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: வாடிக்கையாளர் சம்மதித்திருந்தால் ஒழிய, சான்றிதழில் அடுத்த இடைவெளியைச் சிபாரிசு செய்யக்கூடாது என்பது லேப்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின் விதி. யோசித்தால் நியாயம்தான். நம் கருவியை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம், எவ்வளவு பிசகைத் தாங்குவோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வருடம் என்பது யாரும் விதித்த சட்டம் அல்ல. நாம் எடுக்க வேண்டிய முடிவு, எடுக்காமல் விட்டதால் ஒரு வருடமாகிவிட்டது.

முடிவெடுக்க உட்கார்ந்தபோது எங்கள் பழைய தவறு ஒன்று பல்லிளித்தது. அளக்கும் கருவியின் பிசகு, அளக்கப்படும் பொருளின் டாலரன்ஸில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பெஞ்சில் எல்லாரும் சொல்லும் பழைய விதி. மாட்யூலுக்கு அனுமதி 1000 மைக்ரோவோல்ட். ஓராண்டுக் கணக்கில் மீட்டரின் பங்கு 400. இரண்டரைக்கு ஒன்று. அதாவது மார்ச் 8-ஐத் தவறவிடாமல் இருந்திருந்தாலும் அந்த வேலைக்கு அந்த மீட்டர் பற்றாது. 90 நாள் கணக்கில் பார்த்தால் 250, கச்சிதமாக நான்குக்கு ஒன்று. அதனால் அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் இடைவெளி 90 நாள், மாட்யூலின் பாஸ் எல்லையையும் இரு பக்கமும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டோம். பவர் சப்ளை பெஞ்சில் இருக்கும் இன்னொரு மீட்டருக்கு ஒரு வருடமே தாராளம்.

நீட்டவும் குறைக்கவும் எளிய வழி ஒன்று இருக்கிறது. லேப் அங்கீகார அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐலாக்கின் ஜி24 வழிகாட்டியில் படிக்கட்டு முறை என்று வருவது. வந்த நிலை அளவுகள் அனுமதிக்கப்பட்ட பிசகில், உதாரணத்துக்கு, 80 சதவீதத்துக்குள் இருந்தால் அடுத்த இடைவெளியை ஒரு படி நீட்டு, தாண்டினால் ஒரு படி குறை. ஒரே ஒரு நல்ல சான்றிதழைப் பார்த்ததும் நீட்ட எனக்குத் தைரியம் வராது, மூன்று சான்றிதழாவது பார்ப்பேன். குறைக்க மட்டும் ஒன்றே போதும்.

நாள் கணக்கைத் தொடங்குவது எந்த நாளிலிருந்து என்பதிலும் தகராறு வரும். கருவி திரும்பி வந்த நாள் அல்ல, பெஞ்சில் ஏறிய நாளும் அல்ல. சான்றிதழில் கேலிப்ரேஷன் நடந்ததாகப் போட்டிருக்கும் நாள். 90 நாள் மீட்டருக்குப் போக்குவரத்தில் பத்து நாள் போனால் நம் கைக்கு மிஞ்சுவது 80. எல்லாக் கருவிகளையும் ஒரே மாதத்தில் அனுப்பி, பெஞ்ச் மொட்டையாக நின்ற அனுபவமும் உண்டு. கெடுக்களை வேண்டுமென்றே மாதத்துக்கு ஒன்றிரண்டாகப் பரப்பிக்கொண்டோம். பரப்பும்போது முன்னால் இழுக்க வேண்டும். பின்னால் தள்ளக் கூடாது.

ஆனால் இத்தனை ரிமைண்டர்களையும்விட எனக்கு அதிக நிம்மதி கொடுப்பது திங்கட்கிழமைச் சோதனைதான். ஒரு 10 வோல்ட் ரெஃபரன்ஸ் பெட்டி, ஒரு நல்ல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டையும் உற்பத்தி வேலைக்குத் தொடுவதில்லை. மீட்டர் ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு ரெஃபரன்ஸை அளப்போம், ரெசிஸ்டரை, வயரின் தடை அளவில் சேராத நான்கு வயர் முறையில் அளப்போம், அறை வெப்பத்தோடு நோட்டில் எழுதுவோம். ஐந்து நிமிடம். இது கேலிப்ரேஷன் ஆகாது, பெட்டியின் உண்மை மதிப்பு இங்கே முக்கியமே இல்லை. போன வாரம் காட்டியதையே இந்த வாரமும் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. திடீரென்று 10.00003-லிருந்து 10.00031-க்குத் தாவினால் பெட்டியோ மீட்டரோ ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. இன்னொரு மீட்டரால் பெட்டியை அளந்தால் எது என்று தெரிந்துவிடும். அப்படி ஒன்று நடந்தால் பின்னோக்கித் தேட வேண்டியது ஒரு வாரத்தை, 15 மாதத்தை அல்ல. சாதாரண 1.5 வோல்ட் செல்லை இதற்கு வைக்காதீர்கள்; அறைச் சூட்டுக்கும் வயதுக்கும் அதுவே ஆடும்.

நோட்டை இப்போது எழுதுவது பயிற்சிக்கு வந்த அந்தப் பெண்தான், அவர் இன்று பயிற்சியில் இருப்பவர் அல்ல. எண்களைக் கிராஃப் தாளில் புள்ளியாகவும் வைக்கிறார். கணினியில் போடலாமே என்றேன். "தாள் சுவத்துல இருந்தா போறவங்க வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க சார். கம்ப்யூட்டர்ல இருந்தா நான் மட்டும்தான் பாப்பேன்" என்றார்.

கைமீட்டர்களுக்குத்தான் இன்னும் முழுசாக வழி கிடைக்கவில்லை. அவற்றில் பலவற்றில் கடிகாரமும் இல்லை, ரிமைண்டரும் இல்லை. பெட்டியில், பையில், ஏணி மேல் என்று சுற்றுகின்றன. கீழே விழுந்தால் தேதி பார்க்காமல் சோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம், விழுந்ததை யார் ஒப்புக்கொள்வார்கள்? வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்ப்பதற்கு மட்டும் பயன்படும் இரண்டு பழைய மீட்டர்களுக்குக் கேலிப்ரேஷன் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று 'அளவெடுக்க அல்ல' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினோம். போன மாதம் அதில் ஒன்றை வைத்து ஒருவர் சப்ளை வோல்டேஜ் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைக் காட்டினேன். "அதான் சார், பேட்டரி புதுசா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா தெரியுது" என்றார். அந்த இரண்டையும் எடுத்து என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன்.